அறுபது பேருக்கு ஒரு கார்டு

சிங்கப்பூர்

அன்புள்ள அம்மா,

அப்பாவின் முட்டிவலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோழியோடு ஒரு கலைக் கண்காட்சிக்குப் போனேன். தையல் ஃபேக்டரிப் பெண்களைப் பற்றியது. வேலை நேரத்தில் டாய்லெட் போக அனுமதியாகத் தரும் கார்டுகள் நூற்றுக்கணக்கில் கூரையிலிருந்து தொங்கின. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தால் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். நான் எடுத்த கார்டில் பேசியது நீங்கள்!

“புக்கிட் பெருந்துங் ஃபேக்டரில எங்க லைன்ல அறுபது பேரு, ஒரே கார்டு. சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கி, கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் போவணும். வெக்கமா இருக்கும் லா. அதான் தண்ணியே குடிக்கமாட்டேன்.”

அந்தக் கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன் அம்மா. அன்று நம் வீட்டுக்கு வந்து உங்கள் குரலைப் பதிவு செய்தவர்களை ‘சர்வேக்காரங்க’ என்றீர்களே! நீங்கள் தண்ணீர் குடிக்காமல் வெளியே கிளம்பும்போதெல்லாம் திட்டினேனே! என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அடுத்த பார்சலில் மிளகாய்த்தூளோடு நீங்கள் வீட்டில் கட்டும் பழைய கைலி ஒன்றையும் வையுங்கள். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

அந்த ஃபேக்டரியை மூடிப் பத்து வருடம் ஆகிறது. இதைப் படித்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் முழுசாகக் குடியுங்கள். இனி நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் துளசி