கையில் குளிர்ந்த குவளை

இன்று காலை வாழைகளுக்கு உரமாகச் சிவப்புப் பசளையைத் தகரக் குவளையில் இட்டு நீரூற்றிக் கலக்கினேன். சில நொடிகளில் குவளை கைக்குள் சில்லிட்டது. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய், நண்பனே. பள்ளி ஆய்வுகூடத்து வேதிப்பொருள்களோடு வாழ்நாளைக் கழித்தவன் நீ. என் மேடை முழக்கங்களை முன்வரிசையில் இருந்து கேட்டுக் கொட்டாவி விட்டவனும் நீயே.

அன்றும் இதே பசளைதான். திரியாய் ஊர் உழவர்கள் அதைக் கரைத்த ஒரு வாளியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அடியில் செந்நிறப் படிவு. நாவில் வைத்தால் உவர்ப்பு. நகரத்துக் கடைக்காரர் உப்பில் செங்கல்தூள் கலந்து விற்றுவிட்டார் என்றார்கள். நானும் நம்பினேன். மாலைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கடையை மூடவைப்பதாக வாக்களித்தேன்.

ஆயத்தமான உரையை உன்னிடம் பேசிக்காட்ட வந்தேன். நீயோ பாதியில் எழுந்துபோய் இரு குவளைகளில் நீர் கொண்டுவந்தாய். ஒன்றில் உப்பையும் மற்றதில் அந்தப் பசளையையும் ஒரே அளவில் இட்டுக் கலக்கி, என் கைகளில் தந்தாய்.

"எது குளிருது, மச்சான்?"

"பசளைதான். மற்றது அவ்வளவா மாறேல்ல."

"அப்ப அது உப்பில்லை, பொற்றாசியம் குளோரைட்டு. கரையேக்க தண்ணியிட சூட்டை இழுக்கும். அடியில கிடக்கிறது நிலத்தில இருந்து வந்த இரும்புத் துரு. அது கரைய ஏலாது. உன்ர பேச்சில ஒரு மனுசன் அழிஞ்சு போவான்."

வெட்கத்தைவிட வியப்பே என்னை ஆட்கொண்டது. வெந்நீரில் எப்படி என்று கேட்டேன். ஊற்றிக் காட்டினாய். பசளை மேலும் மேலும் கரைந்தது; உப்போ பழைய அளவிலேயே நின்றது. சுட்ட சுண்ணாம்புக்கல் மட்டும் ஏன் நீரைக் கொதிக்க வைக்கிறது என்று அடுத்துக் கேட்டேன். "கூட்டத்துக்கு நேரமாச்சு, பிறகு சொல்றன்" என்று துரத்தினாய்.

உரையை மடித்து வைத்துவிட்டு, மேடையிலேயே இரண்டையும் கரைத்தேன். வாளி கொண்டுவந்த உழவரே முதலில் தொட்டுப் பார்த்தார். "ஓம், இது குளிருது" என்றார். ஓரத்தில் கைகட்டி நின்ற கடைக்காரர் அப்போதுதான் கைகளை அவிழ்த்தார்.

கூட்டம் முடிந்ததும் அவர் நம் இருவரையும் தேநீருக்கு அழைத்துப் போனார். அந்தப் பேச்சில் சுண்ணாம்பு மறந்துபோயிற்று. பின்னர் கேட்க நினைத்த நாள்களில் நீ மருத்துவமனையில் இருந்தாய்; திரும்பி வரவில்லை.

இப்போதும் யாரையாவது சாடச் சொல்லி என்னிடம் பெயரோடு வருகிறார்கள். "தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறேன். புரியாமல் விழிக்கிறார்கள். நான் குவளையில் நீர் எடுத்துவர எழுகிறேன்.