இரண்டு நொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

போனைத் தூக்கிப் பிடித்தால் நிஜ அறையும், விரலால் தள்ளினால் கற்பனை அறையும் தெரிகிற திரையை வடிவமைக்கிறேன் அல்லவா? போன வாரம் அதைச் சோதிக்க வந்த ஓர் அக்கா, கற்பனைத் தரையைப் பார்த்தபடியே நடந்து, நிஜப் படிக்கட்டில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டார். படியை நெருங்கியதும் திரை நிஜத்துக்குத் திரும்பத்தான் செய்தது. மெதுவாகத் திரும்பினால் அழகு என்று அதற்கு இரண்டு நொடி வைத்தவன் நான்; அதற்குள் அவர் காலை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "நான்தான் பார்க்காம நடந்துட்டேன் தம்பி" என்றார். உண்மையைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ கவலைப்படாதே, எனக்கு அடி எதுவும் இல்லை. இரண்டு தலையணை உறை மட்டும் அனுப்பு. புதிது வேண்டாம், நீ படுத்ததே போதும். மேலாளர் கூப்பிடுகிறார், போகிறேன். உறையைத் துவைத்துவிடாதே அம்மா.

உன் மகன்