கம்பி இறங்காத சரிவு

ஜூன் 4
காட்டு மண்ணை அளந்து குறிக்க ஆபீஸில் கொடுத்த நோட்டு இது. கடைசிப் பக்கங்களில் சொந்தக் கதை எழுதுகிறேன். தப்புதான். வேறு யாரிடம் சொல்ல?

கீழ்ச்சரிவில் வெட்டிய மரங்களை இழுக்க வண்டி வந்துவிட்டது. ஓட்டுவது அப்பா. என்னைப் படிக்க வைத்ததும் அந்த வேலைதான். சாப்பிடும்போது கேட்டார்: "மண்ணுல அப்படி என்னம்மா அளக்குறீங்க?"

"ஒரே இடத்துல பாரம் ஏறி ஏறிப் போனா மண்ணு இறுகிடும்பா. அதை."

அம்மா சிரித்தாள். "இதுக்கா மூணு வருஷம் படிச்சே?"

ஜூன் 19
மழை. கீழ்ச்சரிவில் எங்கே குத்தினாலும் மண் இறுக்கம் பார்க்கும் கம்பி நாலு விரல் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. தடமில்லாத இடமே இல்லை. வெட்டாமல் விட்ட மரங்களின் வேர்கள் தோலுரிந்து கிடக்கின்றன. ஏன் இப்படி ஓட்டுகிறார்?

ஜூன் 20
கேட்டேன்.

"நீதானேம்மா சொன்னே, ஒரே இடத்துல போகக் கூடாதுன்னு? ஒவ்வொரு நடைக்கும் புதுத் தடம் பிடிக்கிறேன். பொண்ணு படிச்சா அப்பனுக்குக் கிறுக்குப் பிடிக்கும்போலன்னு மத்த டிரைவருங்க கேலி பண்றாங்க. போங்கடான்னுட்டேன்."

முகமெல்லாம் பெருமை.

முதல் இரண்டு மூன்று நடையிலேயே மண் பெரும்பாலும் இறுகிவிடும். அப்புறம் அதே தடத்தில் எத்தனை முறை போனாலும் சேதம் அவ்வளவாகக் கூடாது. இதை ஏன் அன்றைக்கே சொல்லாமல் விட்டேன்? இன்றைக்கும்தான் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 2
மண் காயும்வரை மேல்சரிவில் வண்டி ஏற வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தேன். அதிகாரி ஜன்னலைக் காட்டினார். "கீழ்ச்சரிவுல மரமெல்லாம் பச்சையாத்தானேம்மா நிக்குது?"

நிற்கிறது. வேர் அடிபட்ட மரத்துக்கு உச்சி காய இரண்டு மூன்று வருடம் ஆகும் — அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரி சார்" மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 11
கீழ்ச்சரிவில் தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே நிற்கிறது. ஒரு மரம் சாய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 30
மேல்சரிவுக்கு உத்தரவு வந்துவிட்டது. நாளைக் காலை அப்பா ஏறுகிறார். நான் ஏதாவது சொன்னால், "அப்போ கீழே என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள். நேரில் முடியாது. ஒரு தாளில் எழுதி வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்:

அப்பா, கீழ்ச்சரிவு போயிடுச்சு. உங்க தப்பில்லை, நான் அரைகுறையா சொன்னதுதான். மேலே போறப்போ ஒரே தடத்துல ஓட்டுங்கப்பா. அந்த ஒரு தடம் செத்தா சாகட்டும்.