சரசுவின் குரல்

பிப்ரவரி 11

இல்லை, ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். ஃபோனில், "உங்க அப்பா படத்தையா?" என்றாள். ஆமாம், என் அப்பா படத்தைத்தான்.

அவள் பெயர் அனன்யா. ஆஸ்டினில் ஒரு சின்ன தியேட்டர் நடத்துகிறாள். அப்பாவின் மூன்று படங்களையும் ஏப்ரலில் ஒரே நாளில் போடப் போகிறாளாம். அதற்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும். நடுவில் பேச்சுக்குத்தான் கேட்டாள், உனக்குப் பிடித்தது எது என்று. மாட்டிக்கொண்டேன்.

அப்பா போன மாதம் போய்விட்டார். ஃபிரிஸ்கோவில் எல்லோருக்கும் அவர் திருமூர்த்தி அங்கிள் — டேட்டாபேஸ் வேலை, அனுமார் கோயில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கெங்கோ இருக்கும் கொஞ்சம் பேருக்கு மட்டும் வேறு ஆள். எந்தக் கம்பெனியும் இல்லாமல், தனியாக உட்கார்ந்து, பென்சிலால் வரைந்து வரைந்து பெரியவர்களுக்கான கார்ட்டூன் எடுத்தவர். ஆட்கள் அம்மணமாக வருகிற கார்ட்டூன். பதினெட்டு ஆகும்வரை நான் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பதினெட்டு ஆனபோது அவர்மேல் ஏதோ கோபம், பார்க்கவில்லை. அப்புறம் காலேஜை விட்டேன். இப்போது மளிகை டெலிவரிக்குக் கார் ஓட்டுகிறேன். அவர் படத்துக்கு மட்டும் நேரம் கிடைக்கவே இல்லை.

வைக்கும் முன் அனன்யா கேட்டாள்: "முதல் படத்துல சரசுக்கு வாய்ஸ் குடுத்தது யாரு? கிரெடிட்ல பேரே இல்ல. அந்தப் படத்துக்கு ஃபேன்ஸ் இருக்காங்க தெரியுமா, எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 12

இரண்டு டெலிவரிக்கு நடுவில், ஒரு கடையின் பார்க்கிங்கில், ஃபோனிலேயே பார்த்தேன். படத்தின் பெயர் 'கொடிக்கயிறு'.

சரசு கோபியிலிருந்து கல்யாணமாகி டெக்ஸஸ் வந்தவள். அவள் விசாவில் வேலைக்குப் போக முடியாது. புருஷன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். ஒருநாள் அவள் துணிகள் எல்லாம் அலமாரியை விட்டு இறங்கி, நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்று கிளம்பிவிடுகின்றன. கட்டியிருந்த சேலையும் சேர்ந்து போகிறது. அவள் அம்மணமாக அபார்ட்மென்ட் முழுக்கத் துரத்துகிறாள். திட்டுகிறாள், கெஞ்சுகிறாள். படுக்கையில் நடப்பது, நடக்காதது எல்லாவற்றையும் ஒரு பாவாடையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்கிறாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கீழே இங்கிலீஷ் எழுத்து.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இதையா இத்தனை வருஷம் பார்க்காமல் விட்டேன் என்று நினைத்த நேரம், சரசு நாக்கைச் சொடுக்கி, "இவரக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டேன், இந்தூரு வாசிங்மிஷினத்தான் கண்டேன்" என்றாள்.

இயர்ஃபோனைப் பிடுங்கினேன். அந்தச் சொடுக்கு —

அது அம்மா. எங்கம்மாடா அது. வெள்ளிக்கெழம தவறாம வெளக்குப் போடற வசந்தாமணி. மறுபடி போட்டேன். மறுபடியும் அம்மாதான். இன்னொரு தடவ போட்டாலும் அம்மாதான்.

பின்சீட்டில் யாருடைய ஐஸ்கிரீமோ உருகிப் பையெல்லாம் ஒழுகியிருந்தது.

பிப்ரவரி 13

அம்மா தோசை ஊற்றித் தந்தாள். தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15

தாங்க முடியாமல் அக்காவைக் கூப்பிட்டேன். தென்றல் நியூ ஜெர்சியில், ஐசலின் பக்கம் இருக்கிறாள். ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் தேடிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, அப்பா படம் எதாச்சும் பாத்திருக்கியா?"

"ஐயே. நோ. ஏன்?"

"சும்மா."

"டேய், அம்மாகிட்ட அதப் பத்தி வாயத் தெறக்காத. வேலுமணி மாமா ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லனு நெனச்ச?"

"ஏதோ கோவம்னு."

"ஏதோ இல்ல. அந்தப் படத்துல பேசற லேடி இருக்கால்ல, அவளுக்கும் அப்பாக்கும் அஃபேர். ஃபேமிலில எல்லாருக்கும் தெரியும், நீதான் குட்டிப்பையன்னு யாரும் சொல்லல. அம்மா பாவம், எல்லாத்தையும் முழுங்கிட்டே இருந்தாங்க... ஹலோ? இருக்கியா?"

இருந்தேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வேலுமணி மாமா அம்மாவின் அண்ணன். ஹூஸ்டனில் இருக்கிறார். அப்பா இறந்த அன்று வந்தார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டுவந்து போட வேண்டும், அதற்காக. ஃப்யூனரல் ஹோம் வாசலில் அம்மாவின் தோளில் சேலையைப் போட்டார். உள்ளே வந்து அப்பா முகத்தைப் பார்க்காமல் அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இப்படியும் ஒரு மனுஷனா என்று அன்று நினைத்தேன்.

இல்லாத ஒருத்திக்காகவா?

பிப்ரவரி 17

கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். டோல்வேயில் கேட்டுவிட்டேன்.

"அம்மா, சரசு யாரு?"

"ரைட் லேனுக்குப் போ. எக்ஸிட் வருது."

போனேன். பார்க்கிங்கில் நிறுத்தியும் அவள் இறங்கவில்லை. தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "முழுசாவா பாத்த?" என்றாள்.

"ம்."

"கருமம்." பிறகு சிரித்தாள். அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. "உங்கப்பா எழுதுன வசனம் ஒரு பொம்பள பேசற மாதிரியே இல்ல கண்ணு. மேடையில பேசற மாதிரி இருந்துச்சு. பாவாடகிட்டயாவது அவள நெசத்தப் பேச உடுங்கன்னேன். அப்ப நீயே பேசுன்னாரு. வெளிச் சத்தம் விழக் கூடாதுன்னு துணி க்ளோசெட்டுக்குள்ள போர்வையப் போத்திட்டு உக்காந்து, அவரு எழுதுனதத் தூக்கிப் போட்டுட்டு, என்ற வாய்க்கு வந்ததப் பேசுனேன். எனக்கு அப்ப வேற யாருகிட்டப் பேச இருந்துச்சு?"

"பேர் ஏன் போடல?"

"பேரா? எங்கண்ணன் இருக்கறாரு. ஊரு இருக்குது."

ஆனால் அந்த அண்ணன் படத்தை யார் வீட்டிலோ பார்த்துவிட்டார். ஒரு பெண் நம் ஊர்ப் பேச்சில் இவ்வளவு அந்தரங்கம் பேசுகிறாள் என்றால், அதை எழுதியவனுக்கு அவளிடம் என்ன பழக்கம்? அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தவர், சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம், "எவடா அவ?" என்று கேட்டார்.

"உங்கப்பா பேசல. எங்கண்ணன் பளார்னு ஒண்ணு உட்டாரு. உங்கப்பா என்னையப் பாத்தாரு. நான் உள்ள போயி குக்கர் வெச்சேன்."

"குக்கரா?"

"குக்கர்தான். அப்பறம் வருஷம் ஓடிப்போச்சு."

"மாமாக்கு உன் குரல்கூடவா தெரியல?"

"அவருகிட்ட நான் 'சரிங்ணா'வத் தவிர வேற எதாச்சும் பேசியிருந்தாத்தான தெரியும்?"

இறங்கி, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு அனுமாரைப் பார்க்கப் போய்விட்டாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 20

கையெழுத்துப் போட மாட்டாளாம். "செத்தவருக்கு இனி எந்தப் பேரு இருந்து என்ன ஆகப்போகுது?"

கத்திட்டேன். பின்ன என்ன? அந்த மனுஷன் பொம்பளப் பொறுக்கின்னு பேர் வாங்கிட்டே செத்தாரும்மா, அக்காவே அப்படித்தான் நெனச்சுட்டு இருக்கா, உனக்கு ஒரு வார்த்த சொல்ல வரலயா — சொல்லிக்கொண்டே போனேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே.

நான் காலேஜை விட்டதற்கு அப்பா ஒருநாள்கூடக் கத்தவில்லை. அதுவும் இன்றைக்குத்தான் உறைக்கிறது.

பிப்ரவரி 22

மாமா ஃபோன். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப்பில் விஷயம் வந்துவிட்டது.

"ஏங் மாப்ள, ஆஸ்டின்ல அந்தக் கருமத்தத் தேட்டர்ல போடறாங்களாமா?"

"ஆமாங் மாமா."

"உங்கம்மாளக் கையெழுத்துப் போட உட்றாத. அடுத்த ஞாயித்துக்கெழம நான் வந்து பேசிக்கறேன்." வைக்கப் போனவர் மறுபடி கேட்டார். "அவளும் வருவாளா? அந்தப் பொம்பள?"

எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன்.

"கூப்பிட்டிருக்காங்க மாமா. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்" என்றேன்.

பிப்ரவரி 26

அப்பா முடிக்காமல் விட்ட படம் ஏதாவது இருக்கிறதா என்று அனன்யா கேட்டிருந்தாள். அப்பாவின் கம்ப்யூட்டரில் தேடினேன். இருந்தது. நாலாவது படம், சத்தம் எதுவும் சேர்க்காமல்.

ஒரு சாப்பாட்டு மேசை. குண்டாக ஓர் ஆள் ஒல்லியான ஆளைக் கேள்வி கேட்கிறான். அறைகிறான். அறை வாங்கியவன் திரும்பிப் பார்க்கிறான். உள்ளே அடுப்பு முன்னால் ஒரு பெண், கையில் குக்கர் மூடி. அத்தனை பேர் முகமும் எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் மூடியைக் கீழே வைக்கிறாள். மேசைக்கு வருகிறாள். வாயைத் திறந்து ஏதோ பேசுகிறாள். நிறையப் பேசுகிறாள். அதோடு படம் நிற்கிறது.

அம்மா பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

"வசனம் எங்க?" என்றாள்.

"இல்ல. எங்கயும் எழுதல. தேடிட்டேன்."

"நான் பேசி முடிச்ச பொறகுதான் அதக் கேட்டுக் கேட்டு வாயி வரைவாரு. எப்பவும் அப்படித்தான். மொதல்ல குரலு, அப்பறம்தான் வாயி." திரையைத் தொட்டாள். "இதுல வாய மட்டும் வரைஞ்சு வெச்சுட்டுப் போயிட்டாரே."

கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி என்றாள்.

மார்ச் 2

மாமா வந்தார். ஹூஸ்டனிலிருந்து அவரே ஓட்டிக்கொண்டு. கால் வீங்கியிருந்தது, சுகர். அம்மா கோழிக்குழம்பு ஊற்றினாள்.

"அம்மிணி, நாஞ் சொல்றதக் கேளு. உன்னைய ஏமாத்துனவன் செத்துப் போயிட்டான். அவனுக்கு இப்ப பாராட்டு விழா ஒரு கேடா? நாலு பேரு உன்னையப் பாத்துச் சிரிக்கோணுமா?"

"அண்ணா, அது நான்."

"எது?"

"சரசு. அந்தப் படத்துல பேசறது."

மாமா சாப்பாட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? தலையை ஆட்டினேன்.

"வெளையாடாத வசந்தா."

"வெளையாடல. பேசுனதும் நாந்தான், பாதிக்கு மேல வசனமும் என்னுதுதான். அவரு எந்தப் பொம்பளகிட்டயும் போகல. நீங்க அடிச்சப்ப அவரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் சொல்லோணும்னு இருந்தாரு. நான் சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல." குரல் உயரவே இல்லை. "நீங்க அவரு மொகத்தக்கூடப் பாக்காமத் திரும்பிப் போனீங்களே, அது என்னால. உங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்குதுங்ணா. ஆனா மொத ஆளு நான்."

அவர் எழுந்து கை கழுவினார். போய்க் காரில் உட்கார்ந்தார். கார் கிளம்பவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை இறக்கினார்.

"நாலு வாட்டி பாத்தன்டா மாப்ள அந்தப் படத்த. அவ யாருன்னு கண்டுபுடிச்சுப் போடோணும்னு." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு எடத்துல சிரிச்சுப்போட்டேன்."

தண்ணீரை வாங்காமலே போய்விட்டார்.

மார்ச் 3

கையெழுத்துப் போட்டாள். அனன்யாவிடம் ஒரே கண்டிஷன்: சரசுவின் குரல், வசந்தாமணி, என்று திரையில் வர வேண்டும். இங்கிலீஷிலும் தமிழிலும்.

தென்றலுக்கும் அவளே ஃபோன் பண்ணிச் சொன்னாள். அக்கா இருபது நிமிஷம் "வாட்" என்றாள். அப்புறம் அழுதாள்.

மார்ச் 10

அம்மா நாலாவது படத்தின் அந்தக் காட்சியை மாமாவுக்கு அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு வரி: 'உங்க வாயும் இருக்குது. வந்து பேசிக் குடுங்க.'

பைத்தியமாம்மா உனக்கு?

மார்ச் 19

பதில் இல்லை. பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும்.

மார்ச் 29

காலையில் பெல் அடித்தது. மாமா. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்க நின்னு பேசோணும்?" என்றார். கதவை முழுதாகத் திறந்துவிட்டேன்.

இப்போது க்ளோசெட்டுக்குள் நிற்கிறார். அப்பாவின் சட்டைகளுக்கு நடுவில், தலைக்கு மேல் போர்வை, கையில் மைக். வெளியே கட்டிலில் அம்மா ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப். அவளுடைய வசனத்தை நேற்றே பேசி முடித்துவிட்டாள். வரைந்த வாய்க்குள் அத்தனையும் அடங்கிவிட்டது. கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

மாமாவுக்கு இரண்டே வார்த்தை. எவடா அவ. காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை இருமல், ஒரு தடவை பாதியில் நின்றுவிட்டது, ஒரு தடவை சத்தமே வரவில்லை. சட்டைகள் ஆடியது மட்டும் தெரிந்தது. எனக்கே போதும் என்று இருந்தது. அம்மா ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"பத்தலீங்ணா. அன்னிக்கு இதவிடச் சத்தமாக் கேட்டீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

உள்ளேயிருந்து, "சரிங் அம்மிணி" என்று கேட்டது.

ரெகார்ட் பட்டனை அழுத்தக் கூப்பிடுகிறாள். நான் போகணும்.