வெள்ளுடுப்பு நாளில் கறுப்புச் சாரம்

குருநகர்

என் பிள்ளை லெனாட்டுக்கு, யாகப்பர் உன்னைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்று மன்றாடி அம்மா எழுதுவது.

நானும் தங்கச்சி லவீனாவும் சுகம். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அழுகை முந்திவிடுகிறது. அதுதான் எழுதுகிறேன். லவீனா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்துப் பிழைக்குச் சிரிக்காதே.

வென்றுவிட்டோம் மகன். அப்பாவை ரோட்டில் இடித்த வான்காரன்தான் குற்றவாளி என்று நேற்று நீதவான் சொல்லிவிட்டார்.

அப்பா குடித்துவிட்டுக் குறுக்கே விழுந்தார் என்றுதான் அவன் பொலிசில் எழுதிக் கொடுத்தது. முந்திக் குடித்த மனுசன் என்பதால் ஊரும் தலையாட்டியது. ஆசுப்பத்திரியில் சில நாள் கண் திறக்காமல் கிடந்து இறந்துபோனவரை, குடித்தவரா என்று ஒருவரும் சோதிக்கவில்லை. உடுப்பையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். நீயும் அன்று போனில், அப்பா குடித்திருந்தாரோ என்றுதானே கேட்டாய். அழுததில் நான் பதில் சொல்லவில்லை. பிறகு நீ அப்பாவின் கதையே எடுப்பதில்லை.

எங்களுக்காக வழக்குப் பேச எழும்பியது தெல்லிப்பழை நமசிவாயம் அப்புக்காத்து. மாடு களவு, வேலிச் சண்டை என்று வாழ்நாள் முழுக்க இந்தக் கோட்டுகளிலேயே நின்றவர். கொழும்புக்குப் போனால் பெரிய ஆளாகலாம் என்று கூப்பிட்டார்களாம். அங்கே கூத்து இல்லை என்று போகவில்லையாம். சைவக்காரர் என்றாலும் எங்கள் பகுதியில் எந்தக் கூத்துப் போட்டாலும் முன்வரிசையில் பாயோடு வந்து இருப்பார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டும் கூத்து மெட்டுத்தான் முணுமுணுப்பார். வான்காரனுக்கு வந்த கொழும்பு லோயர் அதைக் கேட்டுவிட்டு, “என்ன ஐசே, வழக்காட வந்தனீரோ, கூத்தாட வந்தனீரோ?” என்று எல்லாருக்கும் முன்னால் நக்கலடித்தார். இவர் சிரித்துக்கொண்டு, ரெண்டுக்கும்தான் என்றார்.

வான்காரன் கூண்டில் ஏறினான். அப்புக்காத்து அவனை ஏசுவார், வெருட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ, “பாவம் தம்பி, பொழுதுபட்ட நேரம், ஆள் தெரிஞ்சிராதுதானே?” என்று அவன் பக்கம் நிற்பவர் போலக் கேட்டார். காசு வாங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், கடவுள் மன்னிக்க. அவன் குளிர்ந்துபோய், “ஓம் ஐயா, கறுப்புச் சாரம் கட்டினபடி, மேலே ஒண்டுமில்லை, எப்பிடித் தெரியும்?” என்றான். அப்பாவைப் போல மீன்காரன் என்றால் எந்நேரமும் சாரம்தான் என்று நினைத்துவிட்டான். வடிவாய்த் தெரியுமோ என்று அப்புக்காத்து மறுபடி கேட்டார். நானே தூக்கி வானில் ஏற்றினனான், எனக்குத் தெரியாதோ என்று அவனும் பொய்யை அடித்துச் சொன்னான்.

அப்பா அடிபட்ட அன்று வெள்ளுடுப்பு நாள், லெனாட். வேசம் கட்ட முந்தி எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டோடு கூத்தை முழுக்கப் பாடிப் பார்க்கிற நாள். காலையில் பூசை கண்டால் பாடி முடியும்வரை ஒருவரும் குடியைத் தொடமாட்டார்கள். கூத்துப் பார்க்கிறவருக்கு அது தெரியும், வான்காரனுக்கு எங்கே தெரியும்?

கூத்துப் பழக்கிய அண்ணாவியார் செல்வநாயகம் வந்து சாட்சி சொன்னார். குடித்த வாயால் ராசாவின் விருத்தத்தை இழுக்க ஏலாது ஐயா என்றார். கொழும்பு லோயர், பாட்டிலே சாராயம் மணக்குமோ என்று கேட்டார். அப்போதுதான் அப்புக்காத்து லவீனாவின் போனைக் கேட்டார். அன்று அவள் எடுத்த வீடியோ. வெள்ளை வேட்டியோடு அப்பா அசையாமல் நின்று ராசா பாட்டுப் பாடினார். பாடி முடித்த கையோடு வீட்டுக்கு வரும் வழியில்தானே அடிபட்டார். கோட்டு முழுக்க அவருடைய குரல். நான் அழவில்லை மகன், நிமிர்ந்து இருந்தேன்.

உடுத்த உடுப்பையே மாற்றிச் சொன்னவனின் மற்றக் கதையையும் நம்ப முடியாது, இறந்தவர் நிதானமாக இருந்தவர் என்று நீதவான் வாசித்தார். வெளியே வந்ததும் எங்கள் சனம் அப்புக்காத்தைத் தோளில் தூக்கிவிட்டது. மீன் விற்கிற பெண்கள் குரவை போட்டார்கள். பொலிஸ்காரன் வந்து அதட்ட, அவனுக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

கூலி என்ன வேண்டும் என்று அப்புக்காத்திடம் கேட்டேன். “கூத்திலை ஒரு வேசம் தாங்கோ அக்கா” என்றார். இந்தக் குரலுக்குக் காவற்காரன் வேசம்தான் சரிவரும், அவனுக்கு ரெண்டே வரி என்று அண்ணாவியார் பகிடி விட்டார். “கோட்டிலை முப்பது வருசம் கத்திப் பழகினது அந்த ரெண்டு வரிக்குத்தான்” என்று மனுசன் துள்ளிவிட்டார்.

அப்பாவோடு நின்றுபோன கூத்தை வாற திருநாளுக்கு மேடை ஏற்றப் போகிறார்கள். ராசா வேசத்துக்கு மட்டும் அண்ணாவியார் இன்னும் ஒருவரையும் சொல்லவில்லை. சின்னனில் நீ இளவரசனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றாய். பாட்டெல்லாம் உனக்கு மனப்பாடம்.

அந்த வீடியோவையும் லவீனா அனுப்புவாள். தனியாக இருந்து பார். நீ கேட்டதற்கு அப்பாவே பதில் சொல்வார்.

அவருடைய ராசா முடியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். உன் தலைக்கும் அது அளவாகத்தான் இருக்கும். மாதா உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உன் அம்மா
அருமைநாயகி