மூக்குக்கண்ணாடி இல்லாமல் பூட்டிய கப்பாசிட்டர்

செவ்வாய், இரவு.

இன்று மாலை ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்: மூக்குக்கண்ணாடியை எடுக்க அறைக்குள் எழுந்து போவதில்லை.

விடத்தல்தீவில் ரேடியோ திருத்தும் என்னிடம், கீரிக் கிராமத்தில் கடற்றொழில் செய்யும் சூசைதாசன், தகப்பனின் வால்வு ரேடியோவைக் குடிதண்ணீரால் கழுவிவிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“கடலால வந்தா எஞ்சினை நல்ல தண்ணியிலதானே கழுவுறம், மாஸ்டர். இதிலயும் உப்புத்தானே பிடிச்சது?”

ரேடியோவைத் திறந்து, மிச்சத் தண்ணீரைத் துடைத்தேன். பழுதான கப்பாசிட்டரைக் கழற்றிப் புதியதை ஈயத்தால் பற்றவைத்தேன். உடனே மன்னார் முழுக்கக் கரண்ட் போனது. ரேடியோவைப் போட்டுப் பார்க்க முடியவில்லை.

“வச்சிட்டுப் போங்கோ. நாளைக்கு வாங்கோ.”

“ஐயோ, பேத்தி அழுவாள். சுவிச்சைப் போட்டே வைக்கிறன், கரண்ட் வந்தா தன்ர பாட்டில பாடட்டும். அவள் அதுக்குப் பக்கத்திலதான் படுக்கிறவள்.”

கடைசி பஸ்ஸில் கொண்டுபோய்விட்டார்.

பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதே இனத்தில் மிச்சமிருந்த கப்பாசிட்டரைப் பார்த்தேன். எந்த முனை எந்தப் பக்கம் என்று காட்டும் கழித்தல் குறி மிக மங்கல். தலைகீழாகப் பூட்டினால், கரண்ட் பாய்ந்ததும் வெடிக்கும். எந்தப் பக்கம் பூட்டினேன் என்பது நினைவில்லை.

மூன்று தரம் அழைத்தேன். அவருடைய போன் அணைந்திருக்கிறது. விடத்தல்தீவிலிருந்து இந்த நேரம் கீரிக்குப் போக வழியில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, விடியும்வரை கரண்ட் வரக்கூடாது என்று அந்தோனியாரிடம் மன்றாடிவிட்டு மெழுகுதிரி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

மின்விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது.