தொந்தரவு செய்யாதீர்கள்

சாத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு, பொன்னுத்தங்கம் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத முடியாது. நம்ம லாட்ஜில் ரூம் கூட்டுகிற மூக்கம்மாள், முழங்கை வரை கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் கஸ்டமர் வந்துட்டாக என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை மதியம் லாட்ஜில் தீப்பிடித்தது. இதை உங்கள் தம்பி விக்னேஷ்குமார் உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பொம்பளை கையில் லாட்ஜை விட்டால் இப்படித்தான் என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பார். நீங்களும் உடனே, சாவியை வாங்கிக்கோ என்று அவரிடம் சொல்லிவிட்டீர்கள். என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இப்போது கேளுங்கள்.

மாடியில் தெருப்பக்கத்து ரூமில் வடக்கே இருந்து வந்த பட்டாசு வியாபாரி தங்கியிருந்தார். சீசனுக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பை நிறைய சாம்பிள் வெடி வாங்கிவந்து கட்டிலோரம் வைத்திருக்கிறார். பக்கத்து மேஜையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, கதவைப் பூட்டிச் சாப்பிடப் போய்விட்டார். கதவில் உங்கள் போர்டு.

நீங்கள் வெளிநாட்டில் வேலை பார்க்கிற மோட்டலிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பி, இதே மாதிரி எல்லாக் கதவுக்கும் வேணும் என்றீர்களே, அதுதான். சிவகாசியில் பிரஸ்ஸில் கொடுத்து, லேமினேஷன் போட்டு வாங்கி, நான்தான் மாட்டினேன். ‘தொந்தரவு செய்யாதீர்கள்.’ இது தொங்கினால் கதவைத் தட்டவே கூடாது, தட்டினால் அங்கே எல்லாம் வேலையே போய்விடும் என்று வீடியோ காலில் மூக்கம்மாளுக்குப் பாடம் எடுத்தீர்கள்.

அதற்கு முன்னால் நான் ஒவ்வொரு வியாபாரியிடமும் வாசலிலேயே, பையில சாம்பிள் இருக்கா அண்ணாச்சி என்று கேட்பேன். இருந்தால், கடையிலேயே கொடுத்து வைத்துவிட்டு வரச் சொல்வேன். ஒருவரும் கோபித்ததில்லை. நீங்கள்தான், கஸ்டமர் பையைப் பத்திக் கேக்கறது அவமரியாதை, இங்கன யாரும் கேக்கமாட்டாக என்று தடுத்தீர்கள். அங்கே பையில் சோப்பும் சீப்பும் இருக்கும். இங்கே லட்சுமி வெடியும் புஸ்வாணமும் இருக்கும். பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது எப்படி அத்தான் மறந்துபோனது?

மூக்கம்மாள் பட்டாசு ஆலை இருக்கிற அச்சங்குளத்துக்காரி. வெடிமருந்து நெடி அவளுக்குத் தெரியாதா? பழைய மூக்கம்மாளாக இருந்தால் மாற்றுச் சாவியைப் போட்டு உடனே திறந்திருப்பாள். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து, அக்கா, மருந்து நெடி அடிக்கி, ஆனா போர்டு தொங்குது, திறக்கலாமா என்று என்னிடம் உத்தரவு கேட்டு நின்றாள். அந்த நேரம் போதாதா நெருப்புக்கு? நாங்கள் ஓடித் திறந்தபோது மெத்தை எரிந்துகொண்டிருந்தது. பையில் பாதி வெடித்துவிட்டது. மீதியை அவள் வெறுங்கையால் இழுத்துக்கொண்டு போய் பாத்ரூமில் தள்ளிக் குழாயைத் திறந்துவிட்டாள். பக்கத்து ரூமில் இருக்கன்குடி கோயிலுக்கு வந்த குடும்பம் கைக்குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தது. அவள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் அத்தான்?

ஆறு மாதம் பெரியம்மா மகன் மோட்டலில் தொழில் படித்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். இரண்டு தீபாவளி போய்விட்டது. நானும்தான் இங்கே படித்தேன். மொட்டை போட்டு வருகிறவர்கள் தலைச் சந்தனம் வெள்ளைத் தலையணை உறையில் ஒட்டினால் போகாது என்று ஆடி மாதம் முழுக்கத் தேய்த்துத் தெரிந்துகொண்டேன். இப்போது அவர்களுக்கு மட்டும் மஞ்சள் உறை. ரூமுக்கு இரண்டு பேர்தான் என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள். ஆடி வெள்ளிக்கு வேன் நிறைய வந்து இறங்குகிற குடும்பத்தில் எந்த இரண்டு பேரை உள்ளே விடுவது? மொட்டை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தேன். மறு வருஷமும் அவர்கள் நம்மைத் தேடித்தான் வந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே மேனேஜர் என்றீர்கள். போன மாதம் பிரீத்திகாவோடு பேசும்போது போனைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தீர்கள். பின்னால் அழுக்கு விரிப்பு குவிந்து கிடந்தது, உங்கள் கையில் ரப்பர் உறை. நான் பின்னால் நின்று பார்த்தேன், மகளும் பார்த்துவிட்டாள். என்னிடம் சொல்ல மாட்டாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். துணி வெளுப்பதில் எனக்கு ஒரு கேவலமும் இல்லை, இங்கே நானும் வெளுக்கிறேன். அவர்கள் உங்களை விடாமல் வைத்திருக்கிறார்களா, நீங்களே ஊர் திரும்பக் கூச்சப்படுகிறீர்களா? அதைச் சொல்ல வாய் வரவில்லை, எனக்குச் சட்டம் போட மட்டும் வருகிறது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இப்போது நானும் வந்து உங்களோடு அடுத்தவன் ரூமைக் கழுவ வேண்டுமாம், இங்கே உங்கள் தம்பி கல்லாவில் உட்காருவாராம். நல்ல ஏற்பாடு!

நேற்று கொழுந்தனார் வந்து, மதினி, அண்ணன் சொல்லிட்டாக, சாவியக் குடுங்க, நீங்க விசாவுக்கு எழுதிப் போடுங்க என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். எல்லாப் போர்டையும் கழற்றிக் குப்பையோடு கொளுத்திவிட்டேன். மூக்கம்மாள் கை குணமாகும் வரை அவள் வீட்டுப்பாடு என் பொறுப்பு. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள். அதைப் போனில் கேட்காதீர்கள்.

நான் அங்கே வரமாட்டேன் அத்தான். நீங்கள் வாருங்கள். முதலாளியாக வரக் கூச்சமாக இருந்தால் வேலையாளாக வாருங்கள். இங்கே ஒரு கை குறைந்து திண்டாடுகிறேன், விரிப்பு உதறிப் போட ஆள் வேண்டும். ஊர் சிரிக்கும் என்று பார்க்காதீர்கள். சிரிக்கிறவர்கள் யாரும் உங்களுக்குச் சோறு போடப் போவதில்லை. நான் போடுவேன். திட்டிக்கொண்டேதான் போடுவேன்.

இருக்கன்குடி மாரியம்மன் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் காப்பாற்றட்டும். புத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத
பொன்னுத்தங்கம்